அம்மா நன்றாக இருந்த அரை மணி நேரம்

அம்மாவுக்கு வீட்டில் என்ன உதவி தேவை என்று மதிப்பிட ஒரு பெண் வந்திருந்தார். "குளிக்க முடிகிறதா?" "முடியுமே." "சமையல்?" "நான்தான் செய்கிறேன்." எனக்கு வாயடைத்துப் போயிற்று, ஏனென்றால் அடுப்பை அணைக்க மறந்து பாத்திரம் கருகி நாலு நாள்தான் ஆகியிருந்தது. கேட்டதற்கெல்லாம் பளிச்சென்று பதில் சொல்லி, வாசல் வரை நடந்து வழியனுப்பிவிட்டு, அப்புறம் அரை நாள் எழுந்திருக்கவே இல்லை. பொய் என்று சொல்ல மாட்டேன். முன்பின் தெரியாதவரிடம் "எனக்கு முடியவில்லை" என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? ஆனால் முடிவு வந்துவிட்டது: உதவி தேவையில்லை.

கோபம் தணிந்ததும் கொஞ்சம் படித்தேன். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, தானே சாப்பிடுவது என்ற ஆறு காரியங்களை வைத்து 1963-இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ் குழுவினர் போட்ட பட்டியல்தான் பல இடங்களில் இன்னும் அடிப்படை. 1969-இல் லாட்டன், பிராடி என்ற ஆய்வாளர்கள் இன்னொன்று போட்டார்கள்: மாத்திரை, பணக்கணக்கு, போன், கடை, சமையல் மாதிரி எட்டு. பெரும்பாலும் முதலில் கைநழுவுவது இந்த இரண்டாவது பட்டியல்தான். அம்மாவுக்கும் அப்படித்தான், வந்தவரோ அதில் சமையலைத் தாண்டவே இல்லை.

சரி என்று ஒரு நோட்டு போட்டேன். எந்த ராத்திரி தடுமாறினார், அட்டையில் எத்தனை மாத்திரை மிச்சம், எந்த நாள் சாப்பிடவில்லை, எல்லாம் தேதியோடு, இரண்டு வாரத்துக்கு. அதைக் காட்டி மறுமதிப்பீடு கேட்டேன். நீங்களும் இதைச் செய்யுங்கள், வாய்வார்த்தையைவிட நோட்டுக்கு மதிப்பு அதிகம்.

இந்த முறை வந்தவர் கெட்டிக்காரர். "முடிகிறதா" என்று கேட்கவே இல்லை. "நேற்று எப்படிக் குளித்தீர்கள், சொல்லுங்கம்மா" என்றார். "சுவரைப் பிடித்துக்கொண்டு, கை எட்டுகிற வரைக்கும்" என்றார் அம்மா. எனக்கே அது புதுச் செய்தி. பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொன்னார். 12 விநாடி ஆனாலே விழும் அபாயம் உண்டாம். அம்மாவுக்கு 19.

குளிக்க உதவ ஆள், மாத்திரைக்கு நாள்வாரிப் பெட்டி, குளியலறையில் கைப்பிடி என்று எழுதிக்கொண்டவர், கடைசியில் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தூக்கமெல்லாம் எப்படி?"

"அதெல்லாம் ஒன்றும் பிரச்சினை இல்லை" என்றேன்.

"ராத்திரி மூணு தடவை எழுந்திருக்கிறாள், எழுதிக்கோங்க" என்றார் அம்மா.