முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனை: விண்ணப்பத்திலிருந்து அறிக்கை வரை

அல்சைமரா, பார்க்கின்சனா, இரண்டையும் போலத் தோன்றும் வேறொரு நோயா என்று பிரித்தறிய மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்க்கலாம் என்றதும் குடும்பத்தார் அஞ்சுவது ஊசிக்குத்தான். இந்தச் சோதனையோடு பழகியவர்களுக்கு இருக்கும் கவலை வேறு. தவறான குழாய், பாதிகூட நிறையாத குழாய், நீரில் கலந்த ரத்தம், கேள்வியே எழுதாத விண்ணப்பம். ஊசி வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முடிவு கெட்டுப்போவது பெரும்பாலும் அதற்கு முன்னோ பின்னோதான்.

முதலில் கேள்வி. படிவத்தில் 'மறதி' என்று ஒற்றைச் சொல்லை எழுதி அனுப்பினால் எதை அளப்பது என்று ஆய்வகத்துக்குத் தெரியாது. அல்சைமர்தானா என்பது கேள்வியானால் அமிலாய்டு பீட்டா 42, அமிலாய்டு பீட்டா 40, மொத்த டாவ், பாஸ்போ டாவ் (பாஸ்பேட் ஒட்டிய டாவ்) ஆகிய புரதங்களின் அளவு வேண்டும். நடை தளர்ந்து உடல் விறைத்தவருக்கு இது பார்க்கின்சனா, அதைப் போலவே தோன்றும் மல்டிபிள் சிஸ்டம் அட்ரோஃபியா என்று கேட்டால், நரம்பிழை சிதையும்போது கசியும் புரதமான நியூரோஃபிலமென்ட் லைட்டும், தவறாக மடிந்த ஆல்ஃபா சைன்யூக்ளின் புரதத்தைப் பெருக்கிக் காட்டும் பெருக்கச் சோதனையும். சில வாரங்களிலேயே நினைவும் நடையும் சரிந்துகொண்டே போனால் மூளையை வேகமாக அழிக்கும் கிரொய்ட்ஸ்ஃபெல்ட் ஜேகப் நோய்க்கான ஆர்டி குவிக் என்ற சோதனை. ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் அளவும் அனுப்பும் முறையும் வெவ்வேறு. ஆகவே ஆய்வகத்தின் வழிமுறைத் தாளை முந்தைய நாளே வாங்கிப் படித்துவிட வேண்டும். பி12, தைராய்டு, குழப்பம் உண்டாக்கும் மருந்துகள் இவற்றையெல்லாம் அதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். மூளை ஸ்கேனும் முன்னதாகவே தேவை. கட்டி போன்ற ஏதேனும் மண்டைக்குள் அழுத்தத்தை ஏற்றியிருந்தால் கீழே நீரை எடுப்பது ஆபத்து.

ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ரத்தம் உறையும் வேகத்தைச் சொல்லும் ஐஎன்ஆர் 1.5க்கு மேல் இருந்தாலும், தட்டணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 50,000க்குக் கீழ் இருந்தாலும் பொதுவாகத் தள்ளிப்போடுவார்கள். ஆஸ்பிரின் மட்டும் என்றால் பெரும்பாலும் நிறுத்தத் தேவையில்லை. எந்த மருந்தையும் தானாக நிறுத்தக் கூடாது. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேட்டே நிறுத்த வேண்டும். வெறும் வயிறு தேவையில்லை. பார்க்கின்சன் உள்ளவர் தன் மருந்தான லெவோடோபாவைத் தவறவிடாமல் உரிய நேரத்தில் போட்டுக்கொண்டு வருவது நல்லது. உடல் விறைத்தோ நடுங்கியோ இருந்தால் முதுகை வளைத்துப் படுப்பது அவருக்கும் கஷ்டம், ஊசி போடுபவருக்கும் கஷ்டம்.

'ஊசி தண்டுவடத்தில் பட்டுக் கால் விழுந்துவிடுமோ' என்ற பயத்துக்கு நேரான பதில் இருக்கிறது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புப் பகுதியின் முதல், இரண்டாம் முள்ளெலும்புகளுக்கு அருகிலேயே முடிந்துவிடுகிறது. இரு இடுப்பெலும்புகளின் உச்சியை இணைக்கும் கோடு நான்காம் முள்ளெலும்பு மட்டத்தில் போகும். ஊசி இறங்குவது அந்தக் கோட்டுக்குச் சற்று மேலோ கீழோ. அங்கே இருப்பவை நீரில் மிதக்கும் நரம்பு இழைகள். ஊசி ஒன்றைத் தொட்டால் காலில் சுரீர் என்று மின்னல் ஓடும். அசையாமல் எந்தக் கால் என்று சொன்னால் போதும், ஊசியைத் திருத்திக்கொள்வார்கள்.

அழுத்தத்தை அளப்பதானால் பக்கவாட்டில் படுக்க வேண்டும். வயதானவர்களின் எலும்பு இடைவெளி குறுகியிருந்தால் உட்கார வைத்துப் போடுவது எளிது. இரண்டு மூன்று முயற்சிக்கும் வராவிட்டால் எக்ஸ்ரே அல்லது அல்ட்ராசவுண்ட் துணையோடு போடுவதே சரி. அடம்பிடித்துக் குத்திக்கொண்டே இருந்தால் ரத்தம் கலக்கும், சோதனையும் வீணாகும்.

எந்த ஊசி என்பதையும் தயங்காமல் கேளுங்கள். வெட்டு முனை கொண்ட பழைய ஊசியைவிட, இழைகளை விலக்கிக்கொண்டு நுழையும் பென்சில் முனை ஊசி மேல். 2018இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பின்னர் வரும் தலைவலி வெட்டு முனையில் 11 விழுக்காடாகவும் பென்சில் முனையில் 4.2 விழுக்காடாகவும் இருந்தது. பென்சில் முனையில் ஊசியை வெளியே இழுக்குமுன் உள்கம்பியைத் திரும்பச் செருக வேண்டும். தலைவலியைக் குறைக்கும் சின்ன வேலை, அவசரத்தில் அடிக்கடி மறக்கப்படுகிறது.

எடுக்கும் அளவு சுமார் 10 முதல் 12 மில்லிலிட்டர். உடலில் எப்போதும் சுமார் 150 மில்லி இருக்கிறது, மணிக்கு 20 மில்லி அளவில் புதிதாகச் சுரக்கிறது. எடுத்தது ஒரு மணி நேரத்துக்குள் ஈடாகிவிடும்.

இனிக் குழாய். இந்தச் சோதனையின் உயிர் இதில்தான் இருக்கிறது. அமிலாய்டு பீட்டா 42 ஒட்டும் குணமுள்ள புரதம். கண்ணாடியிலும் பாலிஸ்டைரீனிலும் ஒட்டிக்கொண்டுவிடும். அல்சைமரில் இந்தப் புரதம் நீரில் குறைகிறது என்பதுதான் நோயின் அடையாளமே. ஆகவே சுவரில் ஒட்டிக் குறைந்த எண், நோய் இல்லாதவரை நோயாளியாகக் காட்டும். புரதம் குறைவாக ஒட்டும் பாலிப்ரொப்பிலீன் குழாயில், ஊசியிலிருந்து நேராகச் சொட்டுச் சொட்டாகப் பிடிக்க வேண்டும். சிரிஞ்சால் உறிஞ்சக் கூடாது, நடுவில் டியூப் மாட்டக் கூடாது, ஒரு குழாயிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றக் கூடாது. ஒவ்வொரு புதிய சுவரும் கொஞ்சம் புரதத்தைத் தின்னும். குழாயைப் பாதிக்கு மேல் நிறைப்பதும் இதனால்தான்: பெரிய குழாயின் அடியில் கொஞ்சம் நீர் என்றால், இருக்கும் நீருக்குத் தொடும் சுவர் அதிகம். முதலில் வரும் ஒன்றிரண்டு மில்லியைச் செல் எண்ணிக்கை, புரதம், சர்க்கரைக்கு ஒதுக்கிவிடலாம். அந்தச் சாதாரணச் சோதனைகளையும் விட்டுவிடக் கூடாது. குணப்படுத்தக்கூடிய அழற்சி சில நேரம் அதில்தான் பிடிபடும்.

ரத்தம் கலந்தால் என்ன? சிவப்பணுக்களுக்குள் ஆல்ஃபா சைன்யூக்ளின் நிறைய இருக்கிறது. ரத்தம் பெருக்கச் சோதனையையும் தடுக்கும். மைக்ரோலிட்டருக்கு 500 சிவப்பணுக்களுக்கு மேல் போனால் அந்த மாதிரியை நம்புவது கடினம். முதல் சொட்டுகள் சிவந்திருந்தால் தெளியும் வரை தனிக் குழாயில் விடுங்கள்.

அமிலாய்டுக்கான நீரை உறைய வைக்காமல் 2 முதல் 8 டிகிரியில் வைத்தால் 14 நாள் வரை தாங்கும் என்பது 2021இல் வெளியான சர்வதேச வழிமுறை. உறைய வைத்து உருக்கினால் எண் மாறலாம் என்பதால், ஆய்வகம் கேட்டால் மட்டும் உறைய வையுங்கள்.

முடிவு வந்ததும் எல்லோரும் தனி எண்ணைத் தேடுவார்கள். தனி எண்ணைவிட விகிதம் முக்கியம். பிறவியிலேயே அமிலாய்டு குறைவாகச் சுரப்பவரும் உண்டு, மூளையில் நீர் தேங்கும் நோயில் எல்லாப் புரதங்களும் ஒன்றாகக் குறைவதும் உண்டு. 42ஐ 40ஆல் வகுத்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும். குழாயில் ஒட்டியதால் வந்த பிழையும் ஓரளவு சரியாகும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022இல் அனுமதித்த லூமிபல்ஸ் சோதனையில் இந்த விகிதம் 0.058 அல்லது அதற்குக் கீழ் என்றால் பாசிட்டிவ், 0.073 அல்லது மேல் என்றால் நெகட்டிவ். இடைப்பட்டது சாம்பல் நிறப் பகுதி. அங்கே நோய்க்குறிகளையும், மூளையில் படிந்த அமிலாய்டைக் காட்டும் பெட் ஸ்கேனையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும். ஒரு கருவியின் எல்லையை இன்னொரு கருவியின் எண்ணுக்குப் பொருத்தவே கூடாது.

மொத்த டாவ் நரம்பணுச் சேதத்தைச் சொல்கிறது, ஆனால் எந்த நோய் என்று சொல்லாது, பக்கவாதத்திலும் ஏறும். கிரொய்ட்ஸ்ஃபெல்ட் ஜேகப் நோயில் அது விண்ணைத் தொடும், பாஸ்போ டாவ் அந்த அளவுக்கு ஏறாது. அமிலாய்டு விகிதம் குறைந்து பாஸ்போ டாவும் ஏறியிருந்தால் அது அல்சைமரின் கையெழுத்து.

இயக்கக் கோளாறுகளில் நிலைமை இன்னும் நுட்பமானது. நியூரோஃபிலமென்ட் லைட் பார்க்கின்சனில் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும்; மல்டிபிள் சிஸ்டம் அட்ரோஃபியிலும், பார்க்கின்சனைப் போலத் தோன்றும் இன்னொரு நோயான புரோகிரெசிவ் சூப்ராநியூக்ளியர் பால்சியிலும் உயரும். வயதோடும் அது ஏறுவதால் வயதுக்கேற்ற எல்லை வேண்டும். ஆல்ஃபா சைன்யூக்ளின் பெருக்கச் சோதனை 2023இல் வெளியான பெரிய ஆய்வில் பார்க்கின்சன் உள்ளவர்களில் 87.7 விழுக்காட்டினரிடம் பாசிட்டிவாக வந்தது. அவர்களில் பார்க்கின்சனோடு தொடர்புடைய எல்ஆர்ஆர்கே2 என்ற மரபணுவில் மாற்றம் உள்ளவர்களிடம் அது சுமார் மூன்றில் இரண்டு பங்குக்கு இறங்கியது. ஆகவே நெகட்டிவ் வந்ததால் மட்டும் பார்க்கின்சன் இல்லை என்று எழுதிவிட முடியாது. மூளையில் சைன்யூக்ளின் படியும் லூயி பாடி மறதி நோயிலும் இது பாசிட்டிவ் ஆகும், பலருக்கு அல்சைமர் மாற்றங்களும் கூடவே இருக்கும். ஒரே மனிதரிடம் இரண்டு நோய்கள் என்பது வயதானவர்களிடம் அரிதல்ல. ஒரு கை மட்டும் விறைத்து, சொன்ன பேச்சைக் கேளாத கார்டிகோபேசல் வகை நோய்க்குறி கொண்டவர்களில் சிலருக்கு அடியில் இருப்பது அல்சைமர்தான் என்பதையும் இந்த நீர் காட்டிக்கொடுக்கும்.

மறதி எதுவும் இல்லாதவர் வெறும் பயத்தால் இந்தச் சோதனைக்கு வருவதை நாங்கள் ஊக்குவிப்பதில்லை. நினைவு நன்றாக இருப்பவர்களிலும் அமிலாய்டு படிந்திருப்பது 50 வயதில் சுமார் 10 விழுக்காடு, 90 வயதில் சுமார் 44 விழுக்காடு. அந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் படும் வேதனை வீண்.

வீடு திரும்பியபின் நாள் முழுக்க மல்லாந்து படுத்தால் தலைவலி வராது என்பது பழைய நம்பிக்கை. ஓய்வு அதைத் தடுப்பதில்லை. எழுந்தால் வலித்து, படுத்தால் அடங்கும் தலைவலி ஓரிரு நாளில் வரலாம். பாரசிட்டமால், தண்ணீர், காபி போதும். நாள்கணக்கில் நீடித்தால் நோயாளியின் சொந்த ரத்தத்தையே முதுகில் செலுத்தி ஓட்டையை அடைப்பார்கள். காய்ச்சல், கழுத்து விறைப்பு, கால் தளர்ச்சி, சிறுநீர் கழிக்க முடியாமை, ஏறிக்கொண்டே போகும் முதுகுவலி என்றால் அன்றே மருத்துவமனைக்கு.

பாஸ்போ டாவின் ஒரு வகையான பாஸ்போ டாவ் 217ஐ ரத்தத்திலேயே அளக்கும் சோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததால் அல்சைமர் கேள்விக்கு முதுகு ஊசி குறையும். சைன்யூக்ளினுக்கும் கிரொய்ட்ஸ்ஃபெல்ட் ஜேகப் நோய்க்கும் இந்த நீர் இன்னும் தேவைப்படுகிறது.

அறிக்கையை வாங்கும்போது எண், ஆய்வகத்தின் எல்லை, கருவியின் பெயர், நீர் எடுத்த தேதி நான்கும் அதில் இருக்கின்றனவா என்று பார்த்து ஒரு நகல் எடுத்து வையுங்கள். இரண்டாவது மருத்துவர் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.