அப்பாயி பாட்டுக்கு ஒரு டொமைன்: நாலு நாள் மல்லுக்கட்டு

அப்பாயி பாடுற தாலாட்டு, ஒப்பாரி, கொழுந்து மலையில பாடுன பாட்டு எல்லாத்தையும் ரெண்டு வருஷமா கூகுளோட ப்ளாக் எழுதுற எடமான ப்ளாகர்ல எழுதி வச்சுக்கிட்டு வாறேன். ஆனா அந்த நீட்டு ப்ளாக்ஸ்பாட் அட்ரஸ போன்ல சொன்னா யாருக்கும் வெளங்குறதில்ல, கொழும்புல கடையில வேல செய்ற எங்க தோட்டத்து லயத்து (வரிசை வீட்டு) புள்ளைகளுக்கு ஒரு தடவ சொன்னா மனசுல நிக்கிற மாதிரி பேரு வேணும்னுதான் போன கெழம சொந்தமா டொமைன் வாங்கினேன்.

ப்ளாகர் செட்டிங்ஸ்ல கஸ்டம் டொமைன்ல பேர போட்டு சேவ் பண்ணதும் எர்ரர் 12. இந்த டொமைன் உங்களோடதுன்னு உறுதிப்படுத்த முடியலன்னு அர்த்தம். அதோட ரெண்டு சீநேம் காட்டும், அதாவது ஒரு பேர இன்னொரு பேருக்கு கைகாட்டி விடுற ரெக்கார்ட். ஒண்ணு, பேருக்கு முன்னால வர்ற மூணு டபிள்யூக்கு (www), அது ஜிஎச்எஸ் டாட் கூகுள் டாட் காமுக்கு போகணும். மத்தது ஒங்களுக்குன்னே தர்ற கோட், ஜிவின்னு தொடங்குற ஒரு நீட்டு அட்ரஸுக்கு போகும், சொந்தக்காரர் நீங்கதான்னு காட்டுறது அதுதான். ரெண்டையும் டொமைன் வாங்குன இடத்துல டிஎன்எஸ் (ஒரு பேர அடிச்சா எங்க போகணும்னு சொல்ற பதிவேடு) பக்கத்துல போட்டேன், திரும்ப வந்து அமுக்கினா அதே எர்ரர். 24 மணித்தியாலம் பொறுத்துப் பாத்தேன், அதுக்கெடையில ஹட்டன் பக்கம் பூரா அடிச்ச மழைல கரண்டும் போய் சிக்னலும் போய் ரெண்டாவது நாளு அப்படியே போயிருச்சு.

மூணாவது நாள்தான் செட்டிங்ஸ விட்டுட்டு, வெளியில டிஎன்எஸ் என்ன பதில் சொல்லுதுன்னு பாப்பம்னு கூகுளோட டிக் டூல்ல தேடினேன். மூணு டபிள்யூக்கு ஒண்ணுமே வரல. டவுன்ல கூட்டாளியோட லேப்டாப்ப வாங்கி அந்த டிஎன்எஸ் பக்கத்த தொறந்தப்பதான் தெரிஞ்சது, ஹோஸ்ட்னு இருக்கிற கட்டத்துக்கு வலது பக்கம் சாம்பல் கலர்ல சின்ன எழுத்துல டொமைன் பேரு ஏற்கனவே நிக்குது. போன் ஸ்க்ரீன்ல அந்த ஓரம் வெட்டுப்பட்டு போச்சு. நான் கட்டத்துக்குள்ளயும் முழுப்பேர அடிச்சிருந்தேன், அதனால பேரு ரெண்டு தடவ ஒட்டி ஏதோ ஒரு அட்ரஸ் உண்டாகியிருக்கு. மூணு டபிள்யூ மட்டும் வச்சுட்டு மிச்சத்த அழிச்சேன், கோட் வரியிலயும் அதே மாதிரி. கொஞ்ச நேரத்துல ப்ளாகர் ஏத்துக்கிச்சு. அந்த நேரம் எனக்கு இருந்த சந்தோஷத்த சொல்லி முடியாது.

ஆனா வீட்டு ரௌட்டர்ல மட்டும் தொறக்கல, போன் டேட்டாவுல தொறக்குது. காரணம், ரெக்கார்ட் சரியா விழுறதுக்கு முந்தியே நான் திரும்பத் திரும்ப தட்டிப் பாத்ததுதான். "அப்படி ஒரு பேரு இல்ல"ங்கிற பதிலையும் டிஎன்எஸ் சர்வர்கள் கொஞ்ச நேரம் ஞாபகம் வச்சிருக்கும், அது தீர்ற வரைக்கும் அதையேதான் சொல்லும்.

இன்னொரு எடமும் மாட்டுச்சு. டபிள்யூ இல்லாம வெறும் பேர அடிச்சா விளம்பரப் பக்கம் ஒண்ணு வருது. டொமைன் வாங்குறப்பவே வித்தவங்க போட்டு வச்ச ஏ ரெக்கார்ட் (பேர நேரா ஒரு ஐபி நம்பருக்கு அனுப்புறது) அங்கயே கெடந்திருக்கு. அத அழிச்சிட்டு கூகுளோட நாலு ஐபி நம்பரையும் போட்டேன், 216.239.32.21, அப்புறம் நடுவுல 34, 36, 38ன்னு மாறும். வெறும் பேருக்கு சீநேம் போட முடியாது, ஏன்னா அந்த எடத்துல டொமைனுக்கு கட்டாயம் வேண்டிய என்எஸ், எஸ்ஓஏ ரெக்கார்ட் ஏற்கனவே இருக்கு, சீநேம் இருக்கிற எடத்துல அதுகளெல்லாம் சேந்து இருக்கக் கூடாது. பொறகு வெறும் பேர அடிச்சாலும் மூணு டபிள்யூ பேருக்கு திருப்பி விடுற மாதிரி ப்ளாகர்ல ரீடைரக்ட் டொமைன ஆன் பண்ணினேன். பாதுகாப்பா தொறக்குறதுக்கான எச்டிடிபிஎஸ் சான்றிதழ் ராவோட ராவா வந்திருக்கு, விடிய பாத்தா அட்ரஸ் பக்கத்துல பூட்டு அடையாளம் இருந்துச்சு.

அன்னைக்கு அந்தி அப்பாயி பக்கத்துல உக்காந்து புது பேர அடிச்சு தொறந்து மொத பாட்ட வாசிச்சு காட்டினேன். கண்ண மூடி கேட்டுக்கிட்டே இருந்தவங்க, "கங்காணின்னு எழுதியிருக்கியே தம்பி, நான் பாடுனது கணக்கப்புள்ளன்னுல்ல"ன்னாங்க. கங்காணி தோட்டத்துல ஆள மேய்க்கிறவரு, கணக்கப்புள்ள கணக்கு எழுதுறவரு, அத இப்பதான் திருத்திக்கிட்டு இருக்கேன்.