பழுது ஸ்பீக்கரில் இல்லை, கதவு இடுக்கில்

எங்கள் பழைய காரில் ஓட்டுநர் பக்கக் கதவு ஸ்பீக்கர் விட்டுவிட்டுத்தான் பாடும். பள்ளத்தில் இறங்கினால் நின்றுவிடும். கதவை ஓங்கிச் சாத்தினால் மறுபடி வரும். பிறகு இன்னொரு தொல்லையும் சேர்ந்தது. ஸ்டீரியோவின் திரை எரியும், ஆனால் நான்கு ஸ்பீக்கர்களும் ஒரேயடியாக ஊமையாகிவிடும். ஸ்டீரியோவையே மாற்றச் சொன்னார்கள் கடையில். அளந்து பார்க்காமல் பணத்தைக் கொட்ட எனக்கு மனம் வரவில்லை.

பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோவை வெளியே இழுத்து அதன் கனெக்டரைப் பிரித்தேன். கடையில் வாங்கிப் பொருத்தும் ஸ்டீரியோக்களில் வழக்கமாக வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது நெகட்டிவ். சாம்பல் ஜோடியில் மல்டிமீட்டரை வைத்தால் 3.6 ஓம். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது சரியான அளவுதான். மீட்டரை எடுக்காமல் கதவை மெல்லத் திறக்கச் சொன்னேன். பாதி திறந்ததும் சுற்று அறுந்துவிட்டதாகக் காட்டியது. ஆக, ஸ்பீக்கர் குற்றமற்றது.

அடுத்த சோதனையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: ஒவ்வொரு ஒயருக்கும் கார் பாடிக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று பார்ப்பது. இருக்கவே கூடாது. ஸ்பீக்கரின் நெகட்டிவ் ஒயர் எர்த் அல்ல. இன்றைய ஸ்டீரியோக்கள் இரண்டு ஒயர்களையும் எதிரெதிராக இயக்குகின்றன. இரண்டிலுமே பேட்டரி மின்னழுத்தத்தில் ஏறக்குறைய பாதி நிற்கும். எது பாடியில் பட்டாலும் ஷார்ட்தான். உடனே ஸ்டீரியோ தன்னைக் காத்துக்கொள்ள எல்லா ஸ்பீக்கர்களையும் அடக்கிவிடும். நெகட்டிவ்தானே என்று அதைப் பாடியில் முடுக்க யாரையும் விடாதீர்கள். என் காரில் கதவு ஒரு குறிப்பிட்ட கோணத்துக்கு வந்ததும் நெகட்டிவ் ஒயர் பாடியோடு தொடர்பு காட்டியது.

கதவுக்கும் அது கீலில் மாட்டியிருக்கும் பாடித் தூணுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் உறையைப் பிதுக்கி எடுத்தேன். தூண் பக்கம் அது துளையிலிருந்து நழுவியிருந்தது. தகர விளிம்பில் உரசி உரசி நெகட்டிவ் ஒயரின் தோல் உரிந்து, செம்பில் களிம்பு ஏறியிருந்தது. பாசிட்டிவ் ஒயர் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. விரல்களால் பிடித்து லேசாக இழுத்தபோது ஓரிடத்தில் மட்டும் ரப்பராக நீண்டது. உள்ளே செம்பு அறுந்திருந்தால் தோல் மட்டும் அப்படி நீளும்.

அந்த நீளத்தையே வெட்டி எறிந்துவிட்டு, மெல்லிய இழைகள் நிறைந்த மென்மையான ஒயரைச் சேர்த்தேன். சாலிடர் வைத்த இடம் மடங்கினால் சீக்கிரம் முறியும். அதனால் ஒட்டுகள் எல்லாம் ரப்பர் உறைக்கு வெளியே, அசையாத பகுதியில் வருமாறு பார்த்துக்கொண்டேன். ஸ்டீரியோவை இணைக்கும் முன் சாம்பல் ஜோடியில் ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை, அதன் பிளஸ் முனை கோடில்லாத ஒயரில் படும்படி, ஒரு நொடி தொட்டேன். ஸ்பீக்கர் கூம்பு வெளிப்பக்கம் நகர்ந்தது, பிளஸ் மைனஸ் மாறவில்லை. மாறியிருந்தால் பாட்டு கேட்கும், பேஸ் மட்டும் செத்துப்போகும்.

அதே உறைக்குள் பவர் விண்டோ ஒயர்களும் போகின்றன. அவற்றில் ஒன்றின் தோலும் வெடித்திருந்தது. கையோடு அதையும் மாற்றிவிட்டுத்தான் உறையைத் துளையில் அழுத்திப் பொருத்தினேன்.