குரல் வரும் திசை

சென்ற மாதம் நகரத்து மண்டபம் ஒன்றில் மயான காண்டம் இசை நாடகம் பார்த்தேன். மூன்றாவது வரிசையில், வலப்பக்கத்து ஒலிபெருக்கிப் பெட்டிக்கு நேர் முன்னால் இடம் கிடைத்தது. அரிச்சந்திரன் மேடையின் இடது கோடியில் தடியை ஊன்றிக்கொண்டு நின்றான்; அவனுடைய பாட்டோ என்னுடைய வலக்காதுக்குள் வந்து விழுந்தது. கண் ஒரு பக்கமும் காது மறுபக்கமுமாக ஒன்றேகால் மணித்தியாலம் இருந்து பார்த்துவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பும்போது, நடிப்பைப் பற்றியோ பாட்டைப் பற்றியோ நான் நினைக்கவில்லை. குரல் வந்த திசையைப் பற்றியே நினைத்துக்கொண்டு போனேன். நாற்பது வருடங்களுக்கு மேலாக யாழ்ப்பாணத்தில் நாடகம் பார்த்து வருகிறேன். எனக்கு நடிக்க வராது, பாட வராது; பாய் விரித்த காலத்திலிருந்து பிளாஸ்ரிக் கதிரைக் காலம் வரை முன்னால் இருந்து பார்த்த பழக்கம் மட்டுமே உண்டு. அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

அழைப்பிதழில் ஆறு மணி என்று இருந்தது. மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, பிரதம விருந்தினர் உரை, பொன்னாடை எல்லாம் முடிந்து திரை விலகும்போது ஏழே முக்கால். இதைப் பற்றி முறைப்பட்டுப் பயனில்லை. ஆனால் உரையாற்றியவர்கள் அத்தனை பேருடைய சொல்லும் ஒன்று தவறாமல் தெளிவாகக் கேட்டது என்பதைக் குறித்துக்கொண்டேன். ஓரிடத்தில் அசையாமல் நின்று பேசுகிறவருக்கு ஒலிவாங்கி விசுவாசமாகத்தான் வேலை செய்கிறது. ஆடிப் பாடுகிறவனிடம் வரும்போதுதான் அதற்குக் குணம் மாறுகிறது.

மயான காண்டத்தின் கதையை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பாம்பு தீண்டி இறந்த லோகிதாசனைச் சந்திரமதி தூக்கிக்கொண்டு சுடலைக்கு வருகிறாள். வீரவாகுவின் அடிமையாக அங்கே காவல் நிற்கும் அரிச்சந்திரன், கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் தந்தால்தான் சுடவிடுவேன் என்று மறிக்கிறான். அவளிடம் எதுவும் இல்லை. கழுத்தில் தாலி கிடக்கிறதே, அதை விற்றுக் கொடு என்கிறான். தன் கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரிய வேண்டிய தாலி இந்தப் புலையன் கண்ணில் பட்டதென்ன என்று அவள் திடுக்கிட, அந்த ஒரு கணத்தில் இருவரும் ஒருவரையொருவர் அறிகிறார்கள். அதுவரை அவர்களுக்கிடையில் இருக்கும் தூரம்தான் நாடகம். புருசனும் பெண்சாதியும் பத்தடி இடைவெளியில் நின்று, அந்நியர்களாகப் பேரம் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் சபைக்கு மட்டும் உண்மை தெரியும். அந்தத் தவிப்புக்காகத்தான் கேட்டுச் சலித்த கதையை மறுபடியும் பார்க்கப் போகிறோம்.

அன்று நடந்தது வேறு. கன்னத்தில் ஒட்டுகிற சின்ன ஒலிவாங்கியை இருவருக்கும் பொருத்தியிருந்தார்கள். சந்திரமதி மகனை மடியில் கிடத்தி ஒப்பாரியைத் தொடங்கிய இரண்டாவது அடியில் அவளுடைய ஒலிவாங்கி செத்துவிட்டது. உதடு அசைகிறது, கை மார்பில் அடிக்கிறது, சத்தம் இல்லை. பின்வரிசையிலிருந்து "கேக்கேல்லை, கேக்கேல்லை" என்று குரல்கள் வந்தன. சவுண்ட்காரப் பெடியன் பக்கத் திரைக்குள் நின்று கையால் ஏதோ சைகை காட்டினான். சந்திரமதி சற்று யோசித்தாள். பிறகு மகனை நிலத்தில் வளர்த்திவிட்டு எழுந்து, நேரே அரிச்சந்திரனிடம் போய், அவன் கன்னத்தோடு தன் வாயை வைத்து ஒப்பாரியைத் தொடர்ந்தாள். தாலிக்கு முன்பே தம்பதிகள் சேர்ந்துவிட்டார்கள். சபை சிரித்தது, நானும் சிரித்தேன். செத்துக் கிடந்த லோகிதாசன் தலையைத் திருப்பி என்ன நடக்கிறதென்று பார்த்தான். சந்திரமதியாக நடித்தவர்மேல் எனக்குக் குறை இல்லை. பாட்டு சபைக்குக் கேட்கவேண்டும் என்ற கடமையை அவர் கதைக்கு மேலாக வைத்தார். அந்தத் தெரிவைச் செய்யும் நிலைக்கு அவரைத் தள்ளிய ஏற்பாட்டில்தான் குறை.

இசை நாடகம் ஒலிவாங்கி இல்லாத காலத்தில் உருவான கலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தமிழ்நாட்டு நாடகக் குழுக்கள் இங்கே வந்து கொட்டகை போட்டு ஆடியதைப் பார்த்து, கூத்துப் பழக்கும் எங்களூர் அண்ணாவிமார் கற்றுத் தமதாக்கிக்கொண்ட வடிவம் அது. கொட்டகையின் கடைசிப் பாய்க்கும் கேட்கவேண்டும் என்பதற்காக நாலு கட்டை, நாலரைக் கட்டை என்று உச்சச் சுருதியில் பாடினார்கள். நான் கண்ட காலத்தில் மேடையின் முன்விளிம்பில் நிறுத்தி வைக்கும் ஒலிவாங்கி வந்துவிட்டது. ஆனால் அதற்குள்ளும் ஒரு ஆட்டமுறை இருந்தது. நடிகர் பாட்டெடுக்கும்போது முன்னால் வருவார், பாடி முடித்ததும் பின்னால் போவார். யாருக்குச் சொல்ல இருக்கிறதோ அவர் முன்னால், கேட்பவர் பின்னால்.

காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்துவை, 1980ஆம் ஆண்டளவில் ஒரு கோவில் வெளிவீதியில், அப்பாவுக்குப் பக்கத்தில் சாக்கில் இருந்தபடி பார்த்தேன். அவருடைய வசந்த கான சபாவின் மயான காண்டம் என்றால் அயற்கிராமத்துச் சனமும் பாயோடு வந்துவிடும். அவருடைய குரலைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு நினைவில் நிற்பது அவருடைய கால். சுருதி மேலே ஏற ஏற அவர் ஒலிவாங்கியை விட்டு அரை அடி, ஒரு அடி என்று பின்வாங்குவார். உச்சத்தில் நிற்கும்போது அவருக்கும் அந்தக் கம்பிக்கும் இடையில் ஒரு ஆள் படுக்கலாம். அந்த நேரம் பெட்டியிலிருந்து வருவது பாதி, அவர் தொண்டையிலிருந்து நேராக வருவது பாதியாக இருக்கும். பதினொரு வயதில் எனக்கு அது விளங்கவில்லை. அப்பாதான் "கருவிக்கு வழிவிட்டுப் பாடுறார், பார்" என்றார். வைரமுத்து 1989இல் காலமானார். இன்று அந்தப் பாத்திரத்தை ஏற்பவர்கள் அவருடைய சங்கதிகளை அப்படியே பிடிக்கிறார்கள். ஒலிவாங்கி கன்னத்திலேயே இருப்பதால் அந்தப் பின்னடி மட்டும் தேவையற்றுப் போய்விட்டது.

இதற்கு நேர்மாறான அனுபவம் காத்தவராயன் கூத்து. முத்துமாரி கோவில்களில் நேர்த்திக்காக விடியவிடிய ஆடுவது. காத்தவராயன் ஒருவன்தான், ஆனால் ஆதிக் காத்தான், நடுக் காத்தான் என்று இரவு நீள ஆள் மாறிக்கொண்டே இருப்பான். அதைப் பார்த்து யாரும் குழம்புவதில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு கிராமத்தில் பார்த்தபோது, கூத்தாடும் களரியின் நடுவில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட ஒரேயொரு ஒலிவாங்கிதான் இருந்தது. சிந்துநடையில் முன்னால் வந்து பின்னால் போகிற அந்த ஆட்டத்துக்கு அது பொருந்திய மாதிரி வேறெதுவும் பொருந்தாது. அதன் கீழே வரும்போது குரல் பெருக்கும், விலகும்போது மெலியும், மறுபடி பெருக்கும். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் காத்தானின் காதலி ஆரியமாலா எங்கே நிற்கிறாள் என்று காது சொல்லிவிடும். எனக்கு அருகில் கச்சான் உடைத்துக்கொண்டிருந்த ஒரு ஆச்சி ஒவ்வொரு பாட்டையும் அரை அடி முந்திச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒலிவாங்கி தேவைப்படவில்லை. அவரருகில் இருந்த எனக்கும் அரைவாசிப் பாட்டுக்குத் தேவைப்படவில்லை.

விடியும் நேரம் காத்தான் கழுமரம் ஏறினான். பனைமர உயரம் இல்லாவிட்டாலும் நல்ல உயரமான கழு. தொங்கும் ஒலிவாங்கிக்கு மேலே அவன் தலை போனதும் குரல் பெட்டிகளிலிருந்து விடுபட்டு, மேலேயிருந்து சிறிதாக, உண்மையான ஒரு மனிதனின் தொண்டை அளவில் வந்தது. கீழே உடுக்கும் பிற்பாட்டும் மட்டும் பெரிதாக ஒலித்தன. சபை முழுக்க அண்ணாந்து பார்த்தது. பெண்கள் சிலர் கும்பிட்டபடி எழுந்து நின்றார்கள், ஒருத்தி உரு வந்து ஆடினாள். யாரும் திட்டமிட்ட ஒலியமைப்பு அல்ல அது. கயிறு கட்டியவருடைய கயிறு அவ்வளவு நீளம்தான்.

விடியவிடிய ஆடிய கூத்தைச் சில மணித்தியாலங்களுக்குள் அடக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். 1960களில் பேராதனையிலிருந்து அவர் அதைச் செய்திராவிட்டால் என் போன்ற பலர் கூத்தைப் படித்தவர்களுக்குரிய கலையாக மதித்திருக்கவே மாட்டோம். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் நாற்புறமும் சபை சூழ்ந்த களரி ஒருபுறம் மட்டும் திறந்த பெட்டியாக மாறியபோது, குரலுக்கும் ஒரே திசைதான் மிஞ்சியது என்பதையும் மறுக்க முடியவில்லை.

ஒலிப்பதிவின் கொடுமையை ஒரு தவக்காலத்தில் கண்டேன். ஒரு கத்தோலிக்கப் பங்கில் ஆடிய, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கு நாடகம் அது. வசனம் முழுவதும் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டிருந்தது, நடிகர்கள் வாயசைத்தார்கள். யூதாஸ் முப்பது வெள்ளிக்காசை வீசியெறிய வேண்டிய கட்டத்தில், பை அவனுடைய இடுப்பில் இருக்கும்போதே காசு தரையில் சிதறும் சத்தம் கேட்டுவிட்டது. பாவம், அவன் அவசரமாக அவிழ்த்து எறிந்தான். அது சத்தமில்லாமல் விழுந்தது. ஆயினும் திறந்த வெளியில் பெருந்திரளாகச் சனம் நிற்கும் இடத்தில் வெறுந்தொண்டையால் என்ன செய்ய முடியும் என்ற கேள்வியும் நியாயமானதே. அதற்கு ஒரு விடையை நான் கண்டது திருமறைக் கலாமன்றத்தில். 1965இல் மன்றத்தை நிறுவிய மரிய சேவியர் அடிகளார், திருப்பாடுகளின் காட்சிகளைப் பெரும் ஆற்றுகைகளாக மேடையேற்றியதோடு, சொல்லே இல்லாத நாடகங்களையும் ஆக்கினார். அவற்றைப் பார்க்கும்போது காது நிம்மதியாக இருக்கும். நடிகரின் பாதம் பலகையில் உரசுவதுகூட அவர் நிற்கும் இடத்திலிருந்தே வரும்.

1985இல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தைப் பல்கலைக்கழக மாணவர்கள் ஆடியபோது எனக்குப் பதினாறு வயது. உரைஞர்களும் பாடகர்களும் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்துச் சொல்லிக்கொண்டு போக, குரல் மேடையில் நடந்து திரிந்தது போல இருந்தது. பின்னர் 1990 முதல் மின்சாரமே இல்லாத வருடங்கள். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, டைனமோவைச் சுற்றி, வானொலி கேட்ட காலம் அது. அப்போதும் பாடசாலை மண்டபங்களில் பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில் நாடகம் நடந்தது. அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. முன்வரிசையில் ஒரு குழந்தை அழுதால் ஒரு காட்சி போய்விடும். குரல் பின்னால் எட்டவேண்டும் என்பதற்காக நடிகர்கள் எப்போதும் சபையையே பார்த்து நிற்பார்கள், தாயும் மகனும் பேசினாலும் இருவரும் எங்களைப் பார்த்தே பேசுவார்கள். ஆனால் பேசுகிறவர் யாரென்று தேடவேண்டி வந்ததில்லை.

பொது நூலகத்துக்குப் பக்கத்தில் 2023இல் திறக்கப்பட்ட கலாசார மையத்தின் அரங்கில் 600 இருக்கைகள். ஒரு கோவில் வெளிவீதியில் கூடுகிற சனத்தை நினைத்தால் அது பெரிய தொகை அல்ல. இந்த அளவு மண்டபங்களிலாவது, ஆர்மோனியத்துக்கும் மிருதங்கத்துக்கும் வைக்கும் ஒலியைக் குறைத்து, பாடுகிறவர்களுக்கு முன்விளிம்பில் இரண்டு ஒலிவாங்கி மட்டும் வைத்து ஒரு முறை ஆடிப் பார்த்தால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. பல இடங்களில் பக்கவாத்தியத்தின் சத்தத்தை வெல்வதற்காகவே குரலின் சத்தத்தைக் கூட்டுகிறார்கள்.

அன்று மயான காண்டம் முடிந்து சனம் கலைந்த பிறகு, இந்த யோசனையை ஆர்மோனியக்காரரிடம் சொல்லலாமென்று மேடைக்குப் பின்னால் போனேன். எழுபது வயதிருக்கும். பெட்டியைத் துணியால் மூடிக்கொண்டிருந்தார். இன்று எத்தனை கட்டையில் வாசித்தீர்கள் ஐயா என்று கேட்டேன்.

"ரெண்டு கட்டை தம்பி. முந்தி நாலரை. இப்ப மைக் இருக்கெல்லே, ஏன் தொண்டையைக் கிழிப்பான் எண்டு இறக்கிப்போட்டம்."

நாலரைக் கட்டையை ஒருக்கால் காட்டுவீர்களா என்றேன். துணியை விலக்கி, துருத்தியை இழுத்து அந்தக் கட்டையை அமர்த்தினார். அறையின் மறுபக்கத்தில், தேங்காயெண்ணெய் தடவி முகத்துச் சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அரிச்சந்திரன் நிமிர்ந்து பார்த்து, அந்தச் சுருதியைப் பிடித்து ஒரு அடி பாடினார். இரண்டாவது அடியின் நடுவில் செருமிக்கொண்டு நிறுத்திவிட்டார்.

"விடுங்கோ அண்ணை. நாளைக்கு விடிய வேலைக்குப் போகவேணும்."