எல்லாப் பழியும் பல்லுக்கா?

"பல் முளைக்குதுல்ல, அப்படித்தான் இருக்கும்." மகளுக்கு ஆறு மாதம் தாண்டியதிலிருந்து எது நடந்தாலும் வீட்டில் இதே பதில்தான். தூங்கவில்லையா, பல். பேதியா, பல். உடம்பு சுடுகிறதா, அதுவும் பல். இந்தப் பதிலோடு எனக்குத் தீராத சண்டை.

பல் வரும்போது ஜொள்ளு வழிந்து சட்டை நனையும், கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குப் போகும், ஈறு சிவந்து வீங்கும், ராத்திரியில் சிணுங்கல் கூடும். உடம்பு லேசாக வெதுவெதுக்கலாம். ஆனால் 38 டிகிரி செல்சியஸை, அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டுவிட்டால் அது பல்லின் வேலை இல்லை, காய்ச்சல்; டாக்டரிடம் காட்டுங்கள். தண்ணீராகப் போகும் பேதியும் அப்படித்தான். அப்புறம் ஏன் எல்லாம் சேர்ந்தே வருகிறது? வயிற்றில் இருக்கும்போதே அம்மாவிடமிருந்து வாங்கி வந்த எதிர்ப்புச் சக்தி ஆறு மாத வாக்கில் குறைந்துவிடுகிறது, அதே சமயம் தரையில் கிடப்பதையெல்லாம் பொறுக்கி வாயில் போடும் பழக்கமும் ஆரம்பிக்கிறது. பழி மட்டும் பாவம், பல்லுக்கு.

சரி, வலிக்கு என்ன செய்வது? எங்களுக்கு அதிகம் கைகொடுத்தது விரல்தான். நகத்தை ஒட்ட வெட்டி, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஆள்காட்டி விரலால் கீழ் ஈறை மெல்ல அழுத்தித் தேய்த்தால் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், கொஞ்ச நேரத்தில் அவளே விரலை இழுத்துப் பிடித்து ஒரு கடி கடிப்பாள். முன்பக்கம் கெட்டியாக ஒன்று தட்டுப்படும், அந்த இடத்தில் அழுத்தினால்தான் சிணுங்கல் அடங்கும். சுத்தமான துணியை நனைத்து ஃபிரிட்ஜில் வைத்துக் கடிக்கக் கொடுக்கலாம். ஃப்ரீசரில் வேண்டாம், கல்லாக உறைந்தது ஈறைப் புண்ணாக்கும். கடிப்பதற்கென்றே விற்கும் டீத்தர் பொம்மைகளில் தண்ணீர் நிரப்பியது எனக்குப் பிடிக்காது, ஓட்டை விழுந்தால் உள்ளிருப்பது நேராக வாய்க்குள்தான்.

ஈறை மரத்துப்போக வைக்கும் ஜெல் வேண்டவே வேண்டாம். தடவியது ஜொள்ளோடு வழிந்துவிடும் என்பது ஒருபக்கம் இருக்கட்டும், அதில் இருக்கும் பென்சோகைன் என்ற மரத்துப்போக வைக்கும் மருந்து, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே குறைத்துவிடலாம் என்பதால் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தரக் கூடாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்தது. பல்வலிக்கென்று கழுத்தில் மாட்டும் மணிமாலைகளையும் அதே ஆண்டு கண்டித்தது. கழுத்தை இறுக்கலாம், மணி உதிர்ந்தால் தொண்டையில் சிக்கலாம். வலி ரொம்ப அதிகமாக இருந்தால், எடைக்கு ஏற்ற பாராசிட்டமால் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

பால் குடிக்கும்போது கடிக்கிறாளே என்று பயந்து நிறுத்திவிட வேண்டாம். உறிஞ்சிக் குடிக்கும்போது நாக்கு கீழ் ஈறை மூடியிருப்பதால் கடிக்க முடியாது, வயிறு நிறைந்து விளையாட ஆரம்பிக்கும்போதுதான் கடி விழும். உறிஞ்சுவது நின்றதும் வாயோரத்தில் சுண்டுவிரலை நுழைத்து எடுத்துவிடுங்கள்.

ஜொள்ளால் முகவாய் சிவந்தால் தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் போதும். முதல் பல் தலை காட்டியதுமே மெல்லிய பிரஷ், அரிசி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட். பால்பல் இருபதும் வந்து முடிய மூன்று வயதுகூட ஆகலாம், கடைவாய்ப் பல்லுக்கு இன்னொரு சுற்று அழுகை பாக்கி இருக்கிறது, அதனால் டீத்தரை இப்போதே யாருக்கும் தானம் கொடுத்துவிடாதீர்கள்.