கப்பல் டிக்கெட்டும் நாலு பரிசு அட்டையும்

மலேசியாவில் ரப்பர் தோட்டத்தில் 31 வருஷம் கிராணியாக, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தாவாக, இருந்தவன் நான். செக்ரோல் என்னும் ஆள் கணக்குப் புத்தகம் எழுதிப் பழகிய கை, பஸ் டிக்கெட்டைக்கூடச் சும்மா தூக்கிப் போடாது. வீட்டில் பழைய பிஸ்கட் டின் ஒன்று இருக்கிறது. ரசீது, சம்பளச் சீட்டு, பேங்க் துண்டு எல்லாம் அதற்குள்தான். "குப்பைக்கு மூடி போட்டு வெச்சிருக்காரு" என்று மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். போன வருஷம் போகாமல் நின்றுபோன ஒரு கப்பல் பயணத்துக்கு அந்த டின்தான் 3,204 வெள்ளியை (எங்கள் ஊர் ரிங்கிட்) மீட்டுக் கொடுத்தது. இன்னும் 356 வெள்ளி வரவேண்டும் என்று கேட்டேன், வரவில்லை. யார் பக்கம் நியாயம் என்று நீங்களே பாருங்கள்.

நாங்கள் இருப்பது சுங்கை சிப்புட்டில். மகள் கல்யாணமாகி அமெரிக்காவில், ஹூஸ்டனில் இருக்கிறாள். 2025 ஜூனில் அங்கே போவதாக ஏற்பாடு. ஹூஸ்டனுக்குத் தெற்கே கால்வெஸ்டன் துறைமுகம். அங்கே ஏறினால் மெக்சிகோவின் கொசுமெல் தீவுப் பக்கம் போய் ஏழு இரவில் திரும்பி வரும் கப்பல் இருக்கிறது. "பினாங்கு ஃபெரியிலேயே எனக்குத் தலை சுத்தும்" என்று மனைவி இழுத்துப் பார்த்தாள். மகள் விடவில்லை.

ஜனவரியில் ஒரு நாள் போன் பண்ணினாள். "அப்பா, டிக்கெட்டுக்கு நேரா காசு கட்ட வேணாம். கப்பல் கம்பெனியோட பரிசு அட்டையை, அதான் கிஃப்ட் கார்டை, தள்ளுபடியில வாங்கி அதால கட்டுவோம். 500 டாலர் அட்டை 450க்குக் கிடைக்குது" என்றாள். எனக்கு முதலில் சந்தேகம்தான். பரிசு அட்டை என்றாலே, வரி ஆபீசிலிருந்து பேசுகிறேன் என்று ஏமாற்றுகிறவன் கேட்கும் பொருள் என்றுதான் பேப்பரில் படித்திருந்தேன். மகள் விளக்கினாள். அங்கே பெரிய கப்பல் கம்பெனிகள் தங்கள் பெயரிலேயே அட்டை போடுகின்றன. உறுப்பினர் சங்கங்களும் மொத்த விற்பனைக் கடைகளும் அவ்வப்போது அதைக் குறைந்த விலைக்கு விற்கும். முறையான கடையில் வாங்கினால் பயமில்லை. பேஸ்புக்கில் முகம் தெரியாத ஆளிடம் வாங்கினால்தான் வினை. எண்ணை அவன் முன்பே எழுதி வைத்திருப்பான், நாம் பயன்படுத்தப் போகும்போது உள்ளே காசு இருக்காது.

எங்கள் இருவருக்கும் கட்டணம் 1,600 டாலர், துறைமுக வரிகள் 380, ஆக 1,980. நாலு அட்டை வாங்கினாள். செலவு 1,800 டாலர். டாலருக்கு அப்போது 4 வெள்ளி 45 காசு. 8,010 வெள்ளியை என் பேங்கிலிருந்து அவள் கணக்குக்கு அனுப்பினேன். பணம் எதற்கு என்று கேட்கும் கட்டத்தில் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பயணம் என்று ஒன்று இருந்ததா என்றுகூட நான் பார்க்கவில்லை. 'குடும்பச் செலவு' என்று அமுக்கிவிட்டேன். பிறகு இதற்காக எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டேன் தெரியுமா!

அடுத்து இன்சூரன்ஸ். கப்பல் கம்பெனியே டிக்கெட்டோடு விற்கும் திட்டம் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு மட்டும்தானாம், எங்களுக்கு இல்லை. மகளின் கிரெடிட் கார்டில் பயண ரத்துக் காப்பீடு இலவசமாக உண்டு, பெற்றோருக்கும் சேரும். அவளுக்கு அதில்தான் தைரியம். கேட்டுப் பார்த்தால், பயணக் கட்டணம் அந்தக் கார்டில் ஏறியிருக்க வேண்டும் என்றார்கள். அவள் கார்டில் ஏறியது கடையில் பரிசு அட்டை வாங்கிய காசு. கார்டுக்காரன் கண்ணில் அது கடைச் சாமான். கப்பலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பத்து விழுக்காடு மிச்சம் பிடித்ததில் இலவசக் காப்பீடு கைநழுவிப் போனது. நாளைக்குக் கப்பல் கம்பெனியோடு தகராறு வந்தாலும், கட்டணத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கார்டு பேங்கிடம் முறையிடுகிற வழியும் அதோடு போச்சு.

ஆகவே இங்கேயே, இருவர் பேரிலும் ஒரு பாலிசி எடுத்தேன், டிக்கெட் போட்ட அதே வாரம். நம் ஆட்கள் பலர் கே.எல்.ஐ.ஏ. விமான நிலையத்துக்குப் போகிற வழியில் காரில் உட்கார்ந்துகொண்டு போனில் இன்சூரன்ஸ் வாங்குவார்கள். வெளிநாட்டில் ஆஸ்பத்திரிக்குப் போக அது உதவும். ஆனால் புறப்படும் முன்பே நோய் வந்து பயணம் நின்றால், பாலிசி ஏற்கெனவே கையில் இருந்தால்தான் பேச முடியும்.

பேச வேண்டிய நிலை வந்தது. மே முதல் வாரம் ராத்திரி வயிற்று வலி. மார்ச்சிலிருந்தே லேசாக இருந்தது, வாயு என்று மருந்து வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தேன். ஈப்போவில் ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் கல், வீக்கம், உடனே எடுக்க வேண்டும். ஆப்பரேஷன் நல்லபடி முடிந்தது, ஆனால் அவ்வளவு தூரம் பறக்க டாக்டர் சம்மதிக்கவில்லை. விமான டிக்கெட்டைப் பின்னால் தள்ளிப்போட முடிந்தது. கப்பலை ரத்து செய்தோம். புறப்பட 40 நாள் இருந்தது. எங்கள் டிக்கெட்டின் விதிப்படி அந்த நேரத்தில் கட்டணத்தில் பாதி போய்விடும். 800 டாலர் அவர்களுக்கு. மீதி 800ம் வரி 380ம் திரும்ப வரும். சரி, வரட்டும் என்றால், காசாக வராதாம். எந்த வழியில் கட்டினோமோ அதே வழியில், அதாவது பழைய அட்டைகளிலேயே ஏறுமாம்.

"அட்டை எங்கம்மா?" என்றேன். மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. மூன்று இருந்தன. நாலாவதைக் காலியாகிவிட்டது என்று நினைத்து எறிந்திருக்கிறாள். வாங்கிய அன்று எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் என்னிடம் இருந்தது. சமையல் மேசைமேல் நாலு அட்டை வரிசையாக, வெள்ளிப் பூச்சைக் காசால் சுரண்டிய தூள் பக்கத்தில், பேரனின் கிரேயான் பெட்டி ஓரத்தில். பயல் கடைசி அட்டையில் ஊதாக் கோடு ஒன்று இழுத்து வைத்திருந்தான். எண்ணின் கடைசி இலக்கம் 3ஆ 8ஆ தெரியவில்லை. நானும் மனைவியும் படத்தைப் பெரிதாக்கி, பூதக்கண்ணாடியையும் வைத்துப் பார்த்தோம். மனைவி 8 என்றாள். சரிதான். மகள் கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டு, முன்பதிவு எண்ணையும் அந்த அட்டை எண்ணையும் சொல்லி மாற்று அட்டை வாங்கினாள்.

இழந்த 800 டாலருக்கு இங்கே இன்சூரன்ஸில் மனு போட்டேன். மருத்துவ அறிக்கை, ரத்துக் கடிதம், பாலிசி எல்லாம் வைத்தேன். முன்பே இருந்த நோயா என்று பார்க்க கிளினிக் பதிவுகளையும் கேட்டார்கள். வயிற்று வலிக்கு முதலில் போனது மார்ச்சில், பாலிசி ஜனவரியில், அந்தக் கேள்வி தாண்டியது. மூன்று வாரம் கழித்து ஒரு பக்கக் கடிதம் வந்தது. கட்டணம் பரிசு அட்டையால் கட்டப்பட்டிருக்கிறது. அட்டையை வாங்கியவர் பாலிசிதாரர் அல்ல. ஆகவே பாலிசிதாரருக்குப் பண நட்டம் நிரூபிக்கப்படவில்லை. மனு நிராகரிக்கப்பட்டது.

கோபத்தில் அன்று பசியாறவில்லை. ஆனால் அந்தக் கடிதம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: காசு யார் பையிலிருந்து போனது? டின்னைத் திறந்தேன். பேங்க் துண்டு இருந்தது, ஆனால் அதில் 'குடும்பச் செலவு'. அதைக் கட்டிப்போட இன்னொரு துண்டு வேண்டும். ஜனவரியில் மகள் அனுப்பிய செய்தி வாட்ஸ்அப்பில் கிடந்தது: "அப்பா 1,800 டாலர், நாலு கார்டு, கப்பலுக்கு." தேதியோடு அச்செடுத்தேன். மகளிடம் கடை ரசீது கேட்டேன். சூடு பட்டு எழுத்தாகும் அந்த வழவழத் தாளில் எழுத்து மங்கி, கடைப் பெயர் மட்டும் நிழலாகத் தெரிந்தது. அவளுடைய கார்டு கணக்கு அறிக்கையில் அதே தேதியில் 900 டாலர் இரண்டு வரியாக இருந்தது. அதோடு, அப்பாவின் காசில் அவருக்காக வாங்கினேன் என்று அவள் கையெழுத்திட்ட கடிதம். கப்பல் விலைச்சீட்டில் நாலு அட்டை எண்களின் கடைசி இலக்கங்களும் இருந்தன. எல்லாவற்றையும் 1, 2, 3 என்று எண் போட்டு, முகப்பில் ஒரு அட்டவணை எழுதினேன். துரைக்கு மாதக் கணக்கு அனுப்பிய பழக்கம்.

கடைசிப் பத்தியில், நிராகரிப்பை மாற்றவில்லையென்றால் எஃப்.எம்.ஓ.எஸ். அமைப்புக்குப் போவேன் என்று மரியாதையாக எழுதினேன். பேங்க், இன்சூரன்ஸ் தகராறுகளுக்கென்று 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் குறைதீர்ப்பு அமைப்பு அது. நமக்குக் கட்டணம் கிடையாது. கம்பெனியின் இறுதி முடிவு வந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அங்கே போகத் தேவைப்படவில்லை. பதினேழாம் நாள் ஒப்புதல் வந்தது, 720 டாலருக்கு.

800 ஏன் இல்லை? போன் போட்டேன். அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள்: "அங்கிள், அட்டையில 800 போச்சு. ஆனா அந்த 800க்கு நீங்க குடுத்தது 720தானே?" 1,800 டாலர் என்று காட்டும் அந்தக் கார்டு அறிக்கையை நானேதான் எண் போட்டு அனுப்பியிருந்தேன்! மனைவிக்கு இன்னும் இதில் ஆத்திரம். தள்ளுபடி நாம் தேடிப் பிடித்தது, அவனுக்கு எதற்கு என்கிறாள். எனக்கு வேறு ஞாபகம் வந்தது. தோட்டத்தில் ரப்பர் பால் நிறுக்கும்போது வாளி எடையைப் பார்த்துச் சம்பளம் போட்டதில்லை. மெட்ரோலாக் என்னும் அளவுக் கருவியை விட்டுப் பார்த்து, பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறதோ அதற்குத்தான் கணக்கு. எத்தனை பேர் என் மேசை முன் நின்று முணுமுணுத்திருப்பார்கள். 356 வெள்ளியை விட்டுவிட்டேன்.

அட்டைகளில் இப்போது 1,200 டாலர் கிடக்கிறது, முதலில் மிஞ்சிய 20ஐயும் சேர்த்து. காசாக்க முடியாது. அங்கே 2009இல் வந்த சட்டப்படி பரிசு அட்டைக் காசு ஐந்து வருஷத்துக்குள் காலாவதியாகக் கூடாது என்பதால் அவசரமில்லை. இதைக் கேள்விப்பட்டு, கிள்ளான் துறைமுகத்திலிருந்து போகும் கப்பலுக்குப் பாதி விலை வவுச்சர் என்று ஒரு நண்பர் செய்தியைக் காட்டினார். விற்கிறவருக்குச் சுற்றுலா அமைச்சின் உரிமம் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னேன். கேட்டதும் அந்த எண் இவரைத் தடை செய்துவிட்டது.

இந்த வருஷக் கடைசிக்கு மறுபடி டிக்கெட் போட்டாயிற்று. மொத்தம் 2,150 டாலர். அட்டை 1,200 போக, மீதி 950ஐ என் பெயரில் உள்ள கார்டிலேயே நேராகக் கட்டினேன். மகள் மறுபடி தள்ளுபடி அட்டை தேடித் தருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்கினால் என் பெயரில் வாங்கு என்றேன், அது முடியவில்லை. அட்டையால் கட்டிய பாகத்தையும் ஏற்பார்களா, எந்த மதிப்பில் என்று பாலிசி எடுக்கும் முன்பே மின்னஞ்சலில் கேட்டேன். வாங்கிய விலைக்கு ஏற்போம், ரசீது வேண்டும் என்று பதில் வந்தது. அதை அச்செடுத்து, மங்கிப்போன அந்தக் கடை ரசீதின் நகலோடு சேர்த்துப் பின் குத்தி டின்னுக்குள் வைத்திருக்கிறேன். மூடி சரியாக மூடமாட்டேன் என்கிறது. மனைவி நேற்றுக் கடையிலிருந்து இன்னொரு டின் பிஸ்கட் வாங்கி வந்தாள்.