பனியன் ஊர்க்காரிக்குப் பிடித்த பாரிஸ்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், கிச்சனர் நகரில் குடியேறிய புதிதில், வார இறுதிக்கு எங்கே போகலாம் என்று யாரைக் கேட்டாலும் நயாகரா என்பார்கள், இல்லாவிட்டால் டொராண்டோ என்பார்கள். இப்போது ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் முதலில் கூட்டிப்போவது பாரிசுக்கு. ஒன்டாரியோவில் இருக்கிற பாரிஸ். கேம்பிரிட்ஜ் தாண்டி 24ஏ சாலையில் தெற்கே போனால், கிராண்ட் ஆறும் நித் ஆறும் கூடுகிற இடத்தில் இருக்கிறது இந்தச் சின்ன ஊர். சுற்றுவட்டாரத்தில் ஜிப்சம் கிடைத்ததால், அதில் செய்யும் பிளாஸ்டர் ஆஃப் பாரிசை வைத்து வந்த பெயர் அது.

நான் திருப்பூர்க்காரி. எனக்கு இந்த ஊர் ஒட்டிப்போனதற்குக் காரணம், இதுவும் ஒரு பனியன் ஊர் என்பதுதான். பென்மன்ஸ் என்ற பெரிய கம்பெனி இங்கேதான் உள்ளாடையும் காலுறையும் பின்னிக் கனடா முழுக்க விற்றது. மில்களை ஓட்டியது இந்த ஆற்றுத் தண்ணீரின் விசை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பின்னலாடை வேலை தெரிந்த பெண்களை இங்கிலாந்தின் கிழக்கு மிட்லண்ட்ஸ் பகுதியிலிருந்து நூற்றுக்கணக்கில் வரவழைத்திருக்கிறார்கள். கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்ற பிறகும் அவர்களில் பலர் மில்லுக்குப் போனார்கள். 1949-ல் அந்த மில்களில் பெரிய வேலைநிறுத்தமே நடந்தது. பிழைப்புக்காகக் கடல் தாண்டி வந்து, ஒரு ஊரையே தங்கள் கையால் நடத்தியவர்கள் அந்தப் பெண்கள். அவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

போன கோடையில் அப்பா வந்திருந்தார். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய மில் கட்டடத்தின் முன் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "கண்ணு, சன்னலப் பாரு, ஆளுயரத்துக்கு மேல இருக்குது. அந்தக் காலத்துல கரண்டு ஏது? பகல் வெளிச்சத்துலதான் நூல் அறுந்தது தெரியணும். தெரிஞ்சுதான் கட்டியிருக்கறாங்க" என்றார். நான் எத்தனையோ தடவை அந்தப் பக்கம் போயிருக்கிறேன், அந்தச் சன்னல்களை அப்படிப் பார்த்ததில்லை.

வில்லியம் தெருப் பாலத்தில் நின்றால் ஊரின் மொத்த அழகும் தெரியும். கடைவீதியின் பழைய செங்கல் கட்டடங்கள் ஆற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கின்றன. அந்தப் பின்பக்கங்களில் இப்போது மரத்தளம் போட்டு, குடை விரித்து, சாப்பாட்டு மேசை போட்டிருக்கிறார்கள். கீழே தண்ணீர் ஓடும் சத்தத்தோடு உட்கார்ந்து சாப்பிடலாம். ஈரி ஏரியின் பெர்ச் மீனை மெல்லிய மாவில் தோய்த்துப் பொரித்துக் கொடுத்தார்கள். முள் கிடையாது, வாயில் போட்டால் கரைகிறது. எலுமிச்சையைப் பிழிந்து, மிளகாய் சாஸைக் கேட்டு வாங்கிக்கொண்டார் அப்பா. சனி ஞாயிறு மதியம் போனால் காத்திருக்க வேண்டியிருக்கும். வண்டி நிறுத்தவும் இடம் கிடைக்காது. காலையிலேயே போய்ப் படகு விட்டுவிட்டு, அப்புறம் சாப்பிடுவதுதான் சரி.

கனோ, கயாக், ரப்பர் படகு எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். பாரிசில் ஏறினால் நீரோட்டமே பிரான்ட்ஃபோர்டு பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். துடுப்பு பெரும்பாலும் திசை திருப்பத்தான். கரையேறும் இடத்திலிருந்து வாடகைக்காரர்களின் வண்டியில் திரும்பலாம். வழியில் ஊர் மறைந்து இரண்டு கரையிலும் காடு உயர்ந்துவிடும். நாரை ஒன்று எங்களுக்கு முன்னால் பறந்து போய் உட்காருவதும், கிட்டே போனதும் மறுபடி எழும்புவதுமாக இருந்தது. ஆழம் குறைந்த ஓரிடத்தில் அப்பா கையை விட்டு ஒரு கூழாங்கல்லை எடுத்தார். இதே மாதிரிக் கல்லை அளவு பார்த்துப் பொறுக்கி வரிசை வரிசையாகப் பதித்துத்தான் இந்த ஊரில் வீடுகளும் தேவாலயமும் கட்டியிருக்கிறார்கள். கல்லை முகர்ந்து பார்த்துவிட்டு, "சாயமே ஓடலையா இதுல?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எங்களுக்குத்தான் வரும். வெள்ளியங்கிரியில் பிறந்து வரும் நொய்யலில் சாயத் தண்ணீர் ஓடித்தான் நாங்கள் பார்த்திருக்கிறோம். 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கு உதவாமல் கழிவு தேங்கும் குட்டையானது. 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே ஸ்தம்பித்தது.

கிராண்ட் ஆறும் ஒரு காலத்தில் நாறிய ஆறுதான். வசந்தத்தில் பனி உருகி வெள்ளமாக வரும், கோடையில் வற்றி ஊர்களின் சாக்கடை மட்டும் நகரும். கரையிலிருந்த ஊர்கள் ஒன்றுசேர்ந்து ஃபெர்கஸ் பக்கம் ஷாண்ட் அணையை 1942-ல் கட்டி முடித்தன. பனி உருகும் தண்ணீரைத் தேக்கிவைத்துக் கோடையில் திறந்துவிட, ஆற்றில் ஓட்டம் வற்றாமல் இருந்தது. சுத்திகரிப்பு நிலையங்களும் மேம்பட்டன. பின்னலாடை வேலையும் இங்கிருந்து போய்விட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த மாதிரி வேலைகள் வந்து இறங்கியது எங்கள் ஊர் போன்ற இடங்களில்தான். அதனால் இந்தத் தெளிந்த தண்ணீரை முழு மனதாகக் கொண்டாட எனக்கு முடிவதில்லை. இந்த ஆற்றின் இரு கரையும் 1784-ல் 'சிக்ஸ் நேஷன்ஸ்' எனப்படும் ஆறு பூர்வகுடி இனங்களின் கூட்டமைப்புக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட நிலம். இன்று அதில் மிகச் சிறிய பகுதிதான் அவர்களிடம் மிஞ்சியிருக்கிறது.

ஆனாலும் ஒன்றில் இந்த ஆற்றங்கரை ஊர்க்காரர்களைப் பாராட்டத்தான் வேண்டும். கிச்சனரில் நான் பாத்திரம் கழுவி விடும் தண்ணீர் சுத்திகரிக்கப்பட்டு இதே ஆற்றில்தான் சேருகிறது. கீழே பிரான்ட்ஃபோர்டு குடிநீர் எடுப்பதும் இதே ஆற்றில்தான். மேலே இருக்கிறவன் கீழே இருக்கிறவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று ஆறு முழுவதையும் ஒரே ஆணையத்தின் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

போக நினைப்பவர்கள், அந்த ஆணையம் வெளியிடும் நீரோட்ட அளவைக் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். பெருமழைக்கு மறுநாள் வேண்டாம். வறண்ட ஆகஸ்டில் படகு அங்கங்கே கல்லில் தட்டும். பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டையைக் கரையிலேயே மாட்டிவிடுங்கள். தண்ணீருக்குப் பயப்படுகிறவர்கள், கேம்பிரிட்ஜிலிருந்து பாரிஸ் வரை ஆற்றோரமாகப் போகும் பழைய ரயில் பாதையில் நடக்கலாம், 18 கிலோமீட்டர். அடுத்த முறை வந்தால் வழியில் இருக்கும் கிளென் மாரிஸ் என்ற ஊர் வரைக்குமாவது அதில் நடக்கணும் என்று அப்பா இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.